பழைய படச்சுருளைத் திறக்கலாமா?

கேள்வி: தாத்தாவின் தகர டப்பாவில் 35 மி.மீ. படச்சுருள் ஒன்று இருக்கிறது. திறந்தால் நெடி அடிக்கிறது. ஆபத்தா? — வாசகர், மாட்டுங்கா, மும்பை

பதில்: ஆபத்துதான். 1951-க்கு முந்தைய 35 மி.மீ. சுருள் பெரும்பாலும் நைட்ரோசெல்லுலோஸ் என்ற, எளிதில் தீப்பற்றும் பொருளால் ஆனது. புகையற்ற துப்பாக்கி மருந்தின் நெருங்கிய உறவு. ஓரத்தில் ஆங்கிலத்தில் 'சேஃப்டி' என்று இருந்தால் கவலை குறைவு. 'நைட்ரேட்' என்றிருந்தால் இந்த வகைதான், உஷார்.

நைட்ரேட் சுருள் வைத்த இடத்திலேயே சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடு வாயுவை விடும். அந்த வாயு ஈரத்தோடு அமிலமாகிச் சிதைவை இன்னும் முடுக்கும். புகையற்ற துப்பாக்கி மருந்தில் டைஃபெனைலமீன் என்ற ரசாயனத்தைச் சேர்ப்பதே இந்த வாயுவை உறிஞ்சத்தான். இறுக மூடிய டப்பாவில் வாயுவும் சூடும் தங்கிவிடும். நன்றாகக் கெட்ட சுருள் 40 டிகிரியை ஒட்டியே தானாகப் பற்றலாம். மும்பையில் தகரக் கூரைக்கடியில் அந்தச் சூடு சாதாரணம். எரிய வேண்டிய ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால் தண்ணீரில் மூழ்கியும் எரியும்.

படம் மஞ்சளித்திருந்தால் ஆரம்பக்கட்டம். பிசுபிசுப்பு, குமிழி, பழுப்புத் தூள் என்றால் பிரிக்கவே வேண்டாம். புரொஜெக்டரில் ஓட்டாதீர்கள், குப்பையில் போடாதீர்கள். மூடியை இறுக்காமல், வெயில் படாத, ஆள் படுக்காத இடத்தில் வைத்துவிட்டுத் தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள். படம் நல்ல நிலையில் இருந்தால் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகத்தைக் கேளுங்கள். நீங்களே பார்சலில் அனுப்ப வேண்டாம்.