நார் மில்லுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய நோட்டீஸ்: பழைய விதியைக் காட்டித் தப்ப முடியுமா?

கேள்வி: பொள்ளாச்சி பக்கம் 2016 முதல் தென்னை நார் மில் நடத்துகிறேன். தொடங்கும்போது, "இது வெள்ளைப் பிரிவு, இசைவாணை (வாரியத்தின் அனுமதி) வேண்டாம், ஒரு கடிதம் கொடுத்தால் போதும்" என்றார்கள். கொடுத்தேன். உத்யம் பதிவும் ஊராட்சி உரிமமும் இருக்கின்றன. ஏற்றுமதியாளர் ஒருவர் கேட்டதால் 2 ஆண்டுகளாக பித்தை (நார் எடுத்தபின் மிஞ்சும் தென்னைத் துகளை)க் கழுவி, உப்பைக் குறைத்துக் கொடுக்கிறேன். கழுவிய தண்ணீர் எங்கள் தோட்டத்துப் பள்ளத்தில் போய் நிற்கும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் தன் கிணற்றுத் தண்ணீர் பழுப்பாகிவிட்டது என்று புகார் கொடுத்துவிட்டார். வாரிய அதிகாரிகள் வந்து தண்ணீர் எடுத்துப் போனார்கள். இப்போது, "இசைவாணை இல்லாத ஆலையை ஏன் மூடக்கூடாது, மின்சாரத்தை ஏன் துண்டிக்கக்கூடாது" என்று 15 நாளில் பதில் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. நான் தொழில் தொடங்கிய பிறகு மாறிய விதி என்னைக் கட்டுப்படுத்துமா? உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கலாமா? சிறைத் தண்டனையை எடுத்துவிட்டார்கள் என்கிறார்களே, உண்மையா?

பதில்: மற்றதெல்லாம் அப்புறம். இதைப் படித்த கையோடு பித் கழுவுவதை நிறுத்துங்கள். நோட்டீஸுக்குப் பதில் எழுதும் வரை காத்திருக்க வேண்டாம். சுற்றுச்சூழல் இழப்பீட்டுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் கணக்கில், விதிமீறல் எத்தனை நாள் நடந்தது என்பதைப் பெருக்கித்தான் தொகை வரும். உங்கள் ஆலை இப்போது வரும் ஆரஞ்சுப் பிரிவில் (வெள்ளையைவிட மாசு கூடிய தொழில்கள்) ஒரு சிறு ஆலைக்கு அந்தக் கணக்கைப் போட்டால், ஊர்ப்புறத்தில்கூட ஒரு நாளைக்கு ஏறத்தாழ 6,250 ரூபாய் ஆகும். 100 நாளுக்கு 6.25 லட்சம். ஆலையின் அளவு, இடம், பிரிவு எதையும் உங்களால் மாற்ற முடியாது. நாள் எண்ணிக்கை மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது. நிறுத்திய தேதிக்கு ஆதாரம் வேண்டும்: கழுவும் தொட்டி காலியாக இருக்கும் படம், கழுவிய பித் தர இயலாது என்று ஏற்றுமதியாளருக்கு எழுதிய கடிதம், மின் மீட்டர் அளவு.

சரி, முதல் கேள்விக்கு வருகிறேன். மாறிய விதி உங்களைக் கட்டுப்படுத்தும். தண்ணீர்ச் சட்டம் 1974-இன் பிரிவு 25, கழிவுநீரை ஓடையிலோ கிணற்றிலோ சாக்கடையிலோ நிலத்திலோ விடக்கூடிய எந்தத் தொழிலுக்கும் வாரியத்தின் முன் இசைவு வேண்டும் என்கிறது. "நிலத்திலோ" என்ற சொல்லைக் கவனியுங்கள். என் சொந்தத் தோட்டத்துப் பள்ளத்தில்தானே விட்டேன் என்ற வாதம் அங்கேயே அடிபட்டுப் போகிறது. வெள்ளைப் பிரிவு என்பது மாசு குறைவான தொழில்களுக்கு நிர்வாகம் கொடுத்த சலுகை. 2016-இல் மத்திய வாரியம் வகுத்த முறையில் மாசுக் குறியீடு 20 வரை இருந்தால் வெள்ளை, 41 முதல் 59 வரை ஆரஞ்சு. தமிழ்நாட்டு வாரியம் 2021 இறுதியில் நார், பித் ஆலைகளை வெள்ளையிலிருந்து ஆரஞ்சுக்கு மாற்றியது. சங்கங்கள் எதிர்த்தன, மனு கொடுத்தன. அது உங்களுக்கே தெரிந்திருக்கும். சலுகை போன பிறகும் பழைய கடிதத்தை வைத்துக்கொண்டு ஓட்ட முடியாது.

உங்கள் விஷயத்தில் அதைவிடப் பெரிய பலவீனம் ஒன்று இருக்கிறது. 2016-இல் நீங்கள் கொடுத்த கடிதம் மட்டையடித்து நார் எடுக்கும் வேலைக்கானது. பித் கழுவுவது அதற்குப் பிறகு நீங்களாகச் சேர்த்த புது வேலை, புதுக் கழிவுநீர். பிரிவு மாறாமலே இருந்திருந்தாலும் இதை வாரியத்திடம் சொல்லியிருக்க வேண்டும். விதி மாறியதைத் தொழிலதிபர்கள் சொல்லிக் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். நான் பார்க்கும் வழக்குகளில் பாதிக்கு மேல், விதியைவிட ஆலைதான் அதிகம் மாறியிருக்கிறது. புது இயந்திரம், கூடுதல் உற்பத்தி, புதுப் பொருள் என எதைச் சேர்த்தாலும், சேர்ப்பதற்கு முன்பே மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள்.

சிறைத் தண்டனை பற்றி நீங்கள் கேள்விப்பட்டது அரை உண்மை. 2023-இன் ஜன் விஸ்வாஸ் சட்டம் காற்றுச் சட்டத்திலும் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்திலும் பல குற்றங்களுக்குச் சிறைக்குப் பதிலாக 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை அபராதம் வைத்தது. தண்ணீர்ச் சட்டத்துக்கு 2024-இல் தனித் திருத்தம் வந்தது. அது முதலில் இமாச்சலம், ராஜஸ்தான், யூனியன் பிரதேசங்களுக்குத்தான்; மற்ற மாநிலங்கள் சட்டமன்றத் தீர்மானம் போட்டு ஏற்க வேண்டும். ஆனால் அந்தத் திருத்தமும், இசைவாணை இல்லாமல் ஆலை நடத்துவதற்கான தண்டனையை அப்படியே விட்டுவிட்டது: ஒன்றரை ஆண்டு முதல் 6 ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். "இனி ஜெயில் கிடையாது" என்று உங்களிடம் சொன்னவர் உங்களுக்கு நல்லது செய்யவில்லை.

உயர் நீதிமன்றத்துக்கு இப்போது போக வேண்டாம். உங்களுக்கு வந்திருப்பது விளக்கம் கேட்கும் நோட்டீஸ், இறுதி உத்தரவு அல்ல. இந்தக் கட்டத்தில் ரிட் போட்டால், முதலில் பதில் கொடுத்துவிட்டு வாருங்கள் என்றுதான் பெரும்பாலும் திருப்பி அனுப்புவார்கள். 15 நாளும் அதிலேயே கரைந்துவிடும். பிறகு தண்ணீர்ச் சட்டத்தின் பிரிவு 33ஏ-இன் கீழ் மூடல் உத்தரவு வந்தால், சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் 30 நாளுக்குள் மேல்முறையீடு. இசைவாணை கேட்டு வாரியம் மறுத்தால் அதற்கு வழி வேறு: பிரிவு 28-இன் கீழ் மேல்முறையீட்டு ஆணையத்துக்கு, அதுவும் 30 நாளில். எந்த உத்தரவுக்கு எந்த வாசல் என்பதில் பிசகினால் ஜெயித்த வழக்கும் கையை விட்டுப் போகும். தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலைக்குச் சாதகமாகப் பசுமைத் தீர்ப்பாயம் கொடுத்த தீர்ப்பை, தீர்ப்பாயத்துக்கு அந்த அதிகாரமே இல்லை என்று சொல்லித்தான் உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் ரத்து செய்தது.

ஆகவே உங்கள் முழுக் கவனமும் பதில் கடிதத்தில் இருக்கட்டும். உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்: எப்போது தொடங்கினீர்கள், எந்தத் தேதியில் என்ன கடிதம் கொடுத்தீர்கள், கழுவுவதை எப்போது சேர்த்தீர்கள், எப்போது நிறுத்தினீர்கள். கழுவவே இல்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஏற்றுமதி பில்லும் இணையத்தில் உள்ள செயற்கைக்கோள் படமும் அதைப் பொய்யாக்கிவிடும். தண்ணீர் மாதிரியின் ஆய்வறிக்கை நகலைக் கேளுங்கள். பிரிவு 21-இன்படி, மாதிரி எடுக்கும்போதே உங்களுக்கு நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். உங்கள் முன்னிலையில் இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை என்றால் கடிதத்தில் பதிவு செய்யுங்கள். வழக்கு என்று வந்தால் அந்த அறிக்கையைச் சாட்சியமாக ஏற்பதில் அது பெரிய கேள்வியாகும். இருந்தாலும் அதையே முழு வாதமாக வைக்காதீர்கள். பழுப்பான கிணறு கண்ணுக்கு நேரே இருக்கிறது.

கடிதத்தோடு தண்ணீர்ச் சட்டம், காற்றுச் சட்டம் இரண்டின் கீழும் இணையத்தில் இசைவாணைக்கு விண்ணப்பித்த ரசீதையும் வையுங்கள். மட்டையடிக்கும் இடத்தில் தூசி பறப்பதால் காற்று இசைவும் தேவை. என் யோசனை, முதலில் கழுவாத உலர் வேலைக்கு மட்டும் கேளுங்கள். அது இன்று எந்தப் பிரிவு என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மத்திய வாரியமே 2025 ஜனவரியில் பிரிவு முறையைத் திருத்தியிருக்கிறது. கழுவுவது லாபமான வேலை என்று தெரியும். அதற்குத் தரை கசியாத தொட்டி, கழுவிய நீரைத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாடு, மிச்சத்தை ஆவியாக்கும் களம் எல்லாம் வேண்டும். நிலத்தில் விடும் நீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று வாரியம் வழக்கமாக நிபந்தனை வைக்கும். முதல் கழுவலில் வரும் நீரை அப்படியே விட்டு அந்த அளவுக்குள் நிற்பது கடினம். செலவைக் கணக்குப் பார்த்துவிட்டு, கட்டுப்படியானால் தனியாக விண்ணப்பியுங்கள். முழுமையான விண்ணப்பத்துக்கு 4 மாதத்தில் பதில் வராவிட்டால் இசைவு கிடைத்ததாகக் கருதலாம் என்று பிரிவு 25(7) சொல்வது உண்மை. ஒரு தாள் குறைந்தாலும் அந்தப் பலன் கிடைக்காது.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் வீட்டுக்கு நீங்களே போய்ப் பேசுங்கள். இதைச் சட்டத் தந்திரமாகச் சொல்லவில்லை. அவர் குடிப்பதும் மாட்டுக்குக் காட்டுவதும் அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் அவர் கிணற்றையும் உங்கள் கிணற்றையும் சோதிக்கும் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். தெளியும் வரை நல்ல தண்ணீர் கொடுங்கள். மாசுபடுத்தியவர்தான் சரிசெய்யும் செலவைத் தர வேண்டும் என்பதை 1996-இலேயே வேலூர் தோல் ஆலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக்கிவிட்டது. இழப்பீடு கேட்டுப் பசுமைத் தீர்ப்பாயம் போக அவருக்கு 5 ஆண்டு அவகாசம் உண்டு. 2025 ஆகஸ்ட் தீர்ப்பு ஒன்றில், விதிகளும் விசாரணை முறையும் வகுத்த பிறகு வாரியமே இழப்பீடு விதிக்கலாம் என்றும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். கழுவத் தண்ணீர் இறைத்த மோட்டார் இலவச விவசாய இணைப்பில் ஓடியதா? ஆம் என்றால் மின்சாரச் சட்டம் பிரிவு 126-இன் கீழ் தனியாக மதிப்பீடு வரும், உரிய கட்டணத்தின் இரண்டு மடங்காக. வாரிய ஆய்வுக்குப் பின்னால் மின் வாரிய ஆய்வும் வருவது வழக்கம். அந்த இணைப்பை ஆலையின் பக்கமிருந்து இப்போதே பிரித்துவிடுங்கள். பதில் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, இன்னொரு நகலை நேரில் கொடுத்து முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.