ஊமைக்காயம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் போலீஸ் விசாரணையில் இறந்த செய்தி வந்ததிலிருந்து எங்கள் ஊர் டீக்கடையில் தினமும் சண்டை. சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் இறந்தபோது இந்தக் கட்சி பேசியது, இப்போது அந்தக் கட்சி பேசுகிறது, எல்லாம் ஒன்றுதான் என்கிறார் ஒருவர். “ஒண்ணும் பண்ணாம போலீஸ் தொடுமா?” என்கிறார் என் சித்தப்பா. அவருக்குப் பதில் சொல்ல முடியவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் உள்ளுக்குள் அந்தச் சந்தேகம் கொஞ்சம் உண்டு.

போன வாரம் நாங்கள் முப்பது பேர் கறுப்புத் துணி கட்டி பஸ் ஸ்டாண்டில் நின்றோம். மறுநாள் பேப்பரில் ‘போக்குவரத்து பாதிப்பு’ என்று மூன்று வரி. போராடி என்ன பயன்? இந்த டிவி விவாதங்களைப் பார்ப்பதையாவது நிறுத்திவிடலாமா?

ம.செ.

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில் நானும் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மனசு சரியில்லாமல் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சொல் ‘வலிப்பு’. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

டிவி பார்ப்பது உங்கள் விருப்பம். நிறுத்தினால் நஷ்டம் ஒன்றும் இல்லை. கட்சிகள் பேசுவது பற்றியும் நான் அதிகம் சொல்லப்போவதில்லை. 2020 ஜூனில் சாத்தான்குளம் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் இறந்தபோது, அன்றைய முதல்வர் பழனிசாமி மகனுக்கு மூச்சுத் திணறல், தந்தைக்கு உடல்நலக் குறைவு என்றார். அமைச்சர் ஒருவர், அவர்கள் இறந்தது மருத்துவமனையில், இதை லாக்கப் மரணம் என்று சொல்ல முடியாது என்றார். அன்று கொதித்த ஸ்டாலின் 2025இல் முதல்வராக இருந்து அஜித்குமாரின் தாயிடம் போனில் ‘சாரிம்மா’ என்றார், வழக்கை சிபிஐக்கு மாற்றினார். அப்போது கொதிப்பது பழனிசாமியின் முறையாக இருந்தது. விஜய் கட்சிக்காரர்கள் ‘சாரி வேண்டாம், நீதி வேண்டும்’ என்று பதாகை பிடித்தார்கள். இவ்வளவும் உங்கள் டீக்கடையிலேயே தெரியும். ஆனால் தெரிந்துகொண்டு ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போகிறார் பாருங்கள், அது சோம்பேறித்தனம்.

சித்தப்பாவை விடுங்கள். ‘எனக்கும் உள்ளுக்குள்’ என்று நீங்கள் எழுதிய வரிதான் எனக்குக் கோபத்தைத் தந்தது. கறுப்புத் துணி கட்டி நின்றவர் எழுதுகிற வரியா இது? அஜித்குமார் மேல் வந்தது நகை காணவில்லை என்ற புகார். அவரே எடுத்தார் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். திருட்டுக்குச் சட்டம் தருவது மூன்று ஆண்டு வரை சிறை. அதையும் விசாரித்து நீதிபதி தர வேண்டும். பிரேதப் பரிசோதனையில் அவர் உடம்பில் 44 காயங்கள். கொலைகாரன்கூட இப்படித் தாக்கமாட்டான் என்று மதுரையில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் சொன்னார்கள். அதைப் படித்த பிறகும் ‘என்ன பண்ணினானோ’ என்று ஒரு மூலையில் உங்களுக்குத் தோன்றுகிறது என்றால், அது எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். நீங்களாக நினைத்தது இல்லை தம்பி. முதல் நாள் செய்தியிலிருந்து வந்தது.

மடப்புரம் இருப்பது திருப்புவனம் பக்கம். அந்தப் பெயரைக் கேட்டதும் நம்ம பட்டுச் சேலை திருபுவனம் என்று நினைத்து இரண்டு பேர் பதறிப்போய் எனக்குப் போன் செய்தார்கள். ‘இல்லை, சிவகங்கைப் பக்கம்’ என்றேன். ‘அப்பாடா’ என்றார் ஒருவர். எனக்குப் பேச வரவில்லை.

சரி, சொல்லுக்கு வருகிறேன். அஜித்குமார் தப்பி ஓடப் பார்த்தார், கீழே விழுந்தார், வலிப்பு வந்தது: போலீஸ் பதிவு முதலில் சொன்னது இது. சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் தரையில் புரண்டதில் ஊமைக்காயம் ஏற்பட்டது என்று முதல் தகவல் அறிக்கை சொன்னது. அதற்குச் சுமார் ஒரு மாதம் முன்பு, 2020 மே 25 அன்று, அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் ஒரு போலீஸ்காரர் ஒன்பது நிமிடத்துக்கு மேல் முழங்காலை ஊன்றிக்கொண்டிருந்தார். அந்த ஊர் போலீஸ் முதலில் வெளியிட்ட குறிப்பில் முழங்கால் என்ற சொல்லே இல்லை. போலீஸ் விசாரித்துக்கொண்டிருந்தபோது ‘மருத்துவ ரீதியான ஒரு சம்பவம்’, அதன்பின் ஒருவர் மரணம். அவ்வளவுதான். மூன்று ஊரிலும் உடம்பு தானாகவே கெட்டுப்போகிறது.

ஊமைக்காயம் நம் வீட்டுச் சொல். வரப்பில் வழுக்கி விழுந்தால், மாடு முட்டினால், வெளியே ரத்தம் தெரியாமல் உள்ளே கன்றிப்போவதற்கு நம் ஆத்தாக்கள் வைத்த பெயர். புளியும் கல்லுப்பும் கரைத்துக் காய்ச்சிப் பற்றுப் போடுவார்கள். அந்தச் சொல்லை எடுத்து, இரவு முழுக்க அடிவாங்கிய இரண்டு பேர்மேல் போர்த்தியிருக்கிறார்கள். அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. காரணம் இருக்கிறது.

1980களின் கடைசியில் நான் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். சம்பளம் கிடையாது, அச்சான வரிக்குக் காசு. சாயங்காலம் சைக்கிளில் ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போவேன். அங்கே எழுத்து வேலை பார்க்கிற ஏட்டையாவுக்கு ரைட்டர் என்று பெயர். அவர் நோட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொள்வேன். ராத்திரி பஸ்ஸில் திருச்சிக்குக் கவர் போகும்.

ஒரு புரட்டாசி. சம்பா நடவு நேரம். ஒரு பண்ணையில் பம்ப்செட் மோட்டார் காணாமல் போனது. அங்கே கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஓர் இளைஞரை வெள்ளிக்கிழமை இருட்டியதும் கூட்டிப்போனார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் பெரியாஸ்பத்திரி பிணவறையில் இருந்தார். நான் போய்ப் பார்த்தேன். உள்ளங்கால் இரண்டும் கறுத்து வீங்கியிருந்தன. பார்த்துவிட்டு நேராக ஸ்டேஷனுக்குப் போனேன். ரைட்டர் சொன்னார், நான் எழுதினேன்: ‘விசாரணையின்போது வயிற்று வலியால் துடித்தார். மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும் வழியில் உயிர் பிரிந்தது.’

அதில் ஒரு சொல்லை நான் திருத்தினேன். ‘துடித்தார்’ என்பதை ‘அவதிப்பட்டார்’ என்று மாற்றினேன். துடித்தார் என்று போட்டால் படிப்பவருக்கு உறுத்துமே என்று நினைத்தேன். யாரும் என்னை மிரட்டவில்லை, காசு கொடுக்கவில்லை. மறுநாளும் அதே ஸ்டேஷனுக்குச் செய்தி கேட்டுப் போக வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஏழு வரி வந்தது. அடுத்த நாள் அவர் தெருக்காரர்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். அதையும் எழுதினேன். தலைப்பு என்ன தெரியுமா? ‘சாலை மறியல்: இரண்டு மணி நேரம் போக்குவரத்து பாதிப்பு.’ உங்கள் மூன்று வரியைப் படித்தபோது அதை எழுதியவன் நானேதான் என்று தோன்றியது.

ஒரு வாரம் கழித்து அந்தப் பையனின் அம்மா என்னைத் தேடி வந்தார். பேப்பரைக் கிழித்து நாலாக மடித்து மடியில் வைத்திருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது, யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது இதுதான்: “தம்பி, எம் புள்ளைக்கு வயித்து வலி இருந்துச்சுன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா? எங்கிட்ட அவன் சொல்லவே இல்லையே.”

அச்சில் வந்ததால் அவர் நம்பிவிட்டார். பிள்ளை ஏதோ வியாதியைத் தன்னிடம் மறைத்துவிட்டான், தான் கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். “ஸ்டேஷன்ல சொன்னாங்கம்மா” என்றேன். “சரிப்பா” என்று சொல்லி, பேப்பரைத் திரும்ப மடித்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு நான் வேறு வேலைக்குப் போனேன். ஆனால் செய்தி படிக்கும்போது வினைச்சொல்லைப் பார்க்கிற பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது. நீங்களும் பாருங்கள். ‘விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டவர் உயிரிழப்பு.’ ‘போலீஸ் காவலில் இருந்தவர் மரணம்.’ அழைத்துச் சென்றது யார்? தெரியாது. அந்த வரியில் இறந்தவர் ஒருவர்தான் இருக்கிறார், அவர் செய்த காரியம் இறந்துபோனது. தமிழில் ‘அடித்தார்கள்’ என்று ஒரே சொல்லில் ஆளும் செயலும் வந்துவிடும். அதைத் தவிர்க்க வேண்டும் என்றால் மெனக்கெட வேண்டும். மெனக்கெடுகிறார்கள். தூத்துக்குடியில் 2018 மே 22, 23 தேதிகளில் 13 பேரைச் சுட்டுக் கொன்றபோது ‘சமூக விரோதிகள் ஊடுருவல்’ என்ற சொல் எவ்வளவு வேகமாக வந்தது! சுட்டதற்கு அவசியமே இருக்கவில்லை என்று அருணா ஜெகதீசன் ஆணையம் சொன்னதை அரசு சட்டமன்றத்தில் வைத்தது 2022 அக்டோபரில். நான்கு வருஷம் அந்தச் சொல் உயிரோடு இருந்தது.

சட்டம் இல்லை என்று சொல்லாதீர்கள். நான் ஏழு வரி எழுதிய காலத்தில் கோட்டாட்சியர் வந்து விசாரித்துவிட்டுப் போவார். 2006 முதல் காவலில் ஒருவர் இறந்தால் நீதித்துறை நடுவர் விசாரித்தே ஆக வேண்டும். சாத்தான்குளத்தில் அந்த முதல் வரியை உடைத்தது அதுதான். நடுவர் ஸ்டேஷனுக்குள்ளேயே போனார். அவரையே அவமதித்தார்கள். கேமரா பதிவு தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தது. ஆனால் ஒரு பெண் தலைமைக் காவலர், இரவெல்லாம் அடித்தார்கள், லத்தியில் ரத்தம் இருந்தது என்று வாய் திறந்து சொன்னார். தன்னோடு வேலை பார்ப்பவர்களுக்கு எதிரே, அந்த ஸ்டேஷனிலேயே. அந்த அம்மாவை நினைத்தால் எனக்குக் கண் கலங்கும். அப்புறம் உயர் நீதிமன்றம் ஸ்டேஷனையே வருவாய்த் துறையிடம் ஒப்படைத்தது. மடப்புரத்தில் ஒருவர் மறைந்திருந்து எடுத்த வீடியோ. மினியாபொலிஸில் 17 வயதுப் பெண்ணின் கைபேசி. இவர்கள் இல்லாவிட்டால் வலிப்பு வலிப்பாகவே நின்றிருக்கும், வயிற்று வலி நின்றதுபோல.

போராடி என்ன பயன் என்று கேட்டிருந்தீர்கள். பட்டுக்கோட்டைப் பக்கம் போய்க் கேளுங்கள். கூலி விவசாயிகளுக்காகப் போராடிய வாட்டாக்குடி இரணியனையும் ஜாம்பவானோடை சிவராமனையும் போலீஸ் சுட்டுக் கொன்றது 1950இல். என்கவுன்டர் என்ற சொல் நம் ஊருக்கு வராத காலம். சுட்டார்கள் என்றுதான் அங்கே இன்றும் சொல்கிறார்கள். வேறு வினைச்சொல் யாரும் போடுவதில்லை.

என் ஏழு வரியை இதுவரை நான் எங்கும் திருத்தவில்லை. அந்தத் தாய் இப்போது இருக்கிறாரா என்று தெரியாது. இங்கே திருத்திவிடுகிறேன்: அந்த இளைஞருக்கு வயிற்று வலி இல்லை. வெள்ளிக்கிழமை இரவு அவரைப் போலீஸ்காரர்கள் கூட்டிப்போனார்கள். உள்ளங்காலில் அடித்தார்கள். நான் பார்த்தேன்.

நீங்கள் முப்பது பேர் நின்றதை எழுதி அனுப்புங்கள். எத்தனை மணிக்கு நின்றீர்கள், யார் யார், என்ன சொல்லிக் கோஷம் போட்டீர்கள், போலீஸ் வந்ததா, வந்து என்ன சொன்னது, எல்லாம். மூன்று வரிக்குள் சுருக்க வேண்டாம். இங்கேயே வெளியிடுகிறேன். வரும் ஞாயிறு மன்னார்குடிக்கு ஒரு கல்யாணத்துக்கு வருகிறேன். மத்தியானத்துக்கு மேல் சும்மாதான் இருப்பேன். சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.