பழைய லேப்டாப்புக்குச் செலவழிக்கலாமா, புதுசு வாங்கலாமா? கேள்வி பதில்

திருமங்கலம், கல்லூரி மாணவி: அண்ணே, 2019-ல அப்பா வாங்கிக் கொடுத்த லேப்டாப். ஐ3-7020யு, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க். ஆன் பண்ணி குரோம் திறக்கவே அஞ்சு நிமிஷம் ஆகுது. கடையில ரேம் போடச் சொல்றாங்க. போடலாமா, புதுசு வாங்கணுமா?

பதில்: ரெண்டும் இப்போதைக்கு வேண்டாம்மா. முதலில் எது இழுக்கிறது என்று பாருங்கள். ஆன் செய்ததும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறங்கள். சிபியு 20, 30 சதவீதத்தில் சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் 100-லேயே நிற்கிறதா? அப்படியானால் குற்றவாளி ஹார்டு டிஸ்க்.

இந்த ரக லேப்டாப்புகளில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் டிஸ்க்தான் இருக்கும். ஒவ்வொரு சின்ன ஃபைலுக்கும் அதன் முள் இடம் மாற வேண்டும். சிதறிக் கிடப்பதை எடுக்கச் சொன்னால் நொடிக்கு நூறு முறை எடுப்பதே பெரிய காரியம். விண்டோஸ் எழும்போது படிப்பதெல்லாம் அப்படிச் சிதறிய ஃபைல்கள்தான். ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டி தகவலைச் சிப்பிலேயே சேமிக்கும். அதில் அசையும் பாகமே கிடையாது, நொடிக்குப் பல்லாயிரம் முறை எடுக்கும். போதாக்குறைக்கு 4 ஜிபி ரேம் நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை அதே டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்கிறது. ரேம் மட்டும் போட்டால் பத்து டேப் திறப்பது சுலபமாகும், ஆன் ஆகும் நேரம் அப்படியேதான் இருக்கும். ஆகவே எஸ்எஸ்டி முதலில், ரேம் அடுத்தது.

ரேம் வாங்குமுன் பின்மூடியைக் கழற்றிப் பார்த்துவிட வேண்டும். பல மாடல்களில் 4 ஜிபியைப் போர்டிலேயே பற்றவைத்து, ஒரு ஸ்லாட்டைக் காலியாக விட்டிருப்பார்கள். ஸ்லாட்டே இல்லாத மாடலும் உண்டு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. உங்கள் ஐ3-7020யு இன்டெல் 7-ஆம் தலைமுறை. விண்டோஸ் 11-ன் பட்டியலில் அந்தத் தலைமுறை ஐ3 இல்லை, 8-லிருந்துதான் தொடக்கம். குறுக்கு வழியில் ஏற்றலாம், ஆனால் அப்டேட்டுக்கு உத்தரவாதம் கிடையாது. சி, பைத்தான், ப்ராஜெக்ட் ரிப்போர்ட் இவ்வளவுதான் வேலை என்றால் விண்டோஸுக்குப் பதிலாக இலவசமான லினக்ஸ் மின்ட் போட்டுப் படிப்பை முடித்துவிடலாம். எஸ்எஸ்டிக்குப் போட்ட பணமும் வீணாகாது. பின்னால் ஒரு யுஎஸ்பி கேஸில் மாட்டி வெளி டிஸ்க்காக வைத்துக்கொள்ளலாம்.

உசிலம்பட்டி: எஸ்எஸ்டியில ரெண்டு மூணு வகை காட்டுறாங்க. எதைக் கேட்டு வாங்க?

பதில்: பழைய டிஸ்க் இருந்த இடத்தில் மாட்ட 2.5 இஞ்ச் சாட்டா வகை, 7 மில்லிமீட்டர் தடிமன். சின்னப் பட்டை மாதிரி எஸ்எஸ்டியைச் செருகும் எம்.2 ஸ்லாட் இருந்தால், அது எந்த இணைப்பு வகை, சாட்டாவா என்விஎம்இயா என்று மாடல் எண்ணை வைத்து உறுதி செய்யுங்கள். சில ஸ்லாட்டில் மாற்று வகையும் அழகாக உட்கார்ந்துவிடும், ஆன் ஆகும்போது பாகங்களைக் கண்டறியும் பயாஸில் மட்டும் தெரியாது. கடைக்காரர் மேல் தப்பில்லாத இந்தச் சிக்கலுக்காக மதுரை டவுன்ஹால் ரோட்டுக்கு ரெண்டு நடை நடக்க வேண்டிவரும். பில்லில் சீரியல் எண் எழுதி வாங்குங்கள். நம்ப முடியாத விலைக்கு 2 டிபி என்று ஆன்லைனில் வருவதைத் தொடாதீர்கள். உள்ளே சின்ன மெமரி சிப்பை வைத்து அளவைப் பொய்யாகக் காட்டுவது உண்டு.

செல்லூர், தறிப்பட்டறைக் கணக்கு பார்ப்பவர்: எஸ்எஸ்டி போட்டாச்சுங்க. காலையில பறக்குது. மதியம் ஆனா எக்செல்கூட திணறுது, ஃபேன் கத்துது.

பதில்: இது சூடு, அதற்குக் காரணம் பஞ்சு. தறி ஓடும் இடத்தில் மிதக்கும் தூசியை ஃபேன் உள்ளே இழுத்து, சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடுகளின் வாயில் கம்பளித் துண்டு மாதிரி ஒரு படலமாகப் படிய வைக்கும். காற்று வெளியேறாது. சூடு 90 டிகிரியைத் தாண்டி எல்லையைத் தொடும்போது பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சித்திரை, வைகாசி வெயிலில் உள்ளே போகும் காற்றே 40 டிகிரியை ஒட்டி இருப்பதால் மதியம் இன்னும் மோசம்.

வெளியிலிருந்து ப்ளோயர் அடிப்பதில் பயன் குறைவு, படலம் இன்னும் உள்ளே போய் இறுகும். மூடியைக் கழற்றியதும் முதல் வேலையாக பேட்டரி கனெக்டரைப் பிடுங்குங்கள். ஃபேன் ஸ்க்ரூக்களை எடுத்து ஃபேனைத் தூக்கினால் படலம் கண்ணுக்குத் தெரியும், இடுக்கியால் முழுசாக உரித்து எடுத்துவிடலாம். ஃபேனில் காற்றடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், கண்டபடி சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். ஹீட்சிங்க்கையும் கழற்றினால் சிப்பின் சூட்டை அதற்குக் கடத்தும் பழைய பேஸ்ட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, சிப்பின் நடுவில் ஒரு அரிசி அளவு புதுசு வையுங்கள். ஸ்க்ரூ பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் இருக்கும், அந்த வரிசையிலேயே கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். ஒரு பக்கமே முடுக்கினால் சிப்பின் முனை உடையும். பட்டறைக்குள் வைத்திருக்கும்வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.

மேலூர்: தம்பி மகனுக்கு வாங்குன சின்ன லேப்டாப். செலரான் என்4020, 4 ஜிபி, 64 ஜிபி இஎம்எம்சி. அப்டேட்டுக்கே இடம் இல்லங்குது. ஏதாச்சும் மாத்தலாமா?

பதில்: இதற்குச் செலவு செய்யாதீர்கள். இஎம்எம்சி என்ற சேமிப்புச் சிப் போர்டோடு பற்றவைத்தது, இந்த ரகத்தில் ரேமும் பெரும்பாலும் அப்படித்தான். காலி எம்.2 ஸ்லாட் இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பாருங்கள், இருந்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் டிஸ்க் க்ளீனப்பில் பழைய அப்டேட் ஃபைல்களை அழித்துவிட்டு, அப்டேட் கேட்கும்போது ஒரு காலி பென்டிரைவைச் செருகினால் விண்டோஸ் அதைத் தற்காலிக இடமாக எடுத்துக்கொள்ளும். வீடியோ பாடம் பார்க்க அது போதும்.

சோழவந்தான், ஆசிரியை: பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த இலவச லேப்டாப், 2 ஜிபி ரேம். தமிழ் டைப்பிங்குக்கு உதவுமா சார்?

பதில்: தாராளமாக, டீச்சர். திட்டம் 2011-ல் தொடங்கியதிலிருந்து மாடல் பல மாறியதால், உள்ளே இருக்கும் ரேமைக் கழற்றி ஸ்டிக்கரைப் படியுங்கள். பிசி3எல் என்றிருந்தால் அது 1.35 வோல்ட். எல் இல்லாத 1.5 வோல்ட் ரேமைப் போட்டால் சில போர்டுகள் ஆன் ஆகாது. செகண்ட்ஸில் 4 ஜிபி வாங்கி, லினக்ஸ் மின்ட்டின் இலகுவான பதிப்பான எக்ஸ்எஃப்சிஇ போடுங்கள். தமிழ்99 விசைப்பலகையை அதிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

வாடிப்பட்டி: டச்பேட் மேல தூக்கிக்கிட்டு நிக்குது. எஸ்எஸ்டி போட்டா சரியாகுமா?

பதில்: பேட்டரி உப்பியிருக்கிறது. இன்றே சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். சர்வீஸ் கடையில் கழற்றிய பிறகுதான் மற்றப் பேச்சு.

கே.கே. நகர்: எந்த அளவுக்கு மேல செலவாச்சுன்னா புதுசுக்குப் போகலாம்?

பதில்: இதே வேலையைச் செய்யும் ஒரு ரீஃபர்பிஷ்டு, அதாவது பழசைச் சரிசெய்து விற்கும் லேப்டாப்பின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நான் நிறுத்தச் சொல்வேன். பேட்டரி, கீல், டிஸ்ப்ளே மூன்றில் இரண்டு போயிருந்தாலும் அப்படியே. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடப்பதால் கணக்கை அன்றைய விலையில் போடுங்கள். ரீஃபர்பிஷ்டு என்றால் 8-ஆம் தலைமுறை ஐ5-க்குக் கீழே இறங்காதீர்கள். திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் வரிசைகளுக்கு உதிரிபாகம் கிடைக்கும். பயாஸ் பாஸ்வேர்டு இல்லை என்பதைக் கடையிலேயே உள்ளே போய்ப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

திருப்பரங்குன்றம்: பழைய டிஸ்க் டிக் டிக்னு சத்தம் போடுது. அப்படியே குளோன் பண்ணிரலாமா, ஃபார்மட் பண்ணி ஏத்தவா?

பதில்: சத்தம் வரும் டிஸ்க்கைக் குளோன், அதாவது அப்படியே முழு நகல், செய்யக் கூடாது. முழு டிஸ்க்கையும் படிக்கும்போது பாதியில் செத்துப்போகலாம். முக்கியமான போட்டோ, டாக்குமெண்ட்டை மட்டும் முதலில் காப்பி எடுங்கள். விண்டோஸைப் புதிதாக ஏற்றுங்கள். லைசென்ஸ் மதர்போர்டோடு சேர்ந்தது, டிஸ்க் மாற்றினால் போகாது. டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருந்தால் கழற்றுமுன் ரெக்கவரி கீயைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அந்த டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் திறக்காது. எல்லாம் முடிந்தபின் பழைய டிஸ்க்கை ஒரு மாதமாவது அழிக்காமல் வையுங்கள், விட்டுப்போன ஃபைல் அதற்குள் நினைவுக்கு வந்துவிடும்.