வேர் முடிச்சும் தழைச்சத்தும்: கேள்வி–பதில்

உளுந்துச் செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் முடிச்சுகள் உள்ளே பச்சையாக இருக்கின்றன. நோயா? (மன்னார்குடி)

பயிரின் வயதை எழுதாமல் கேட்டால் எப்படிப் பதில் சொல்வது? 30, 35 நாள் பயிரில் முடிச்சைக் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு தெரிய வேண்டும். காய் முற்றும் நேரத்தில் பச்சையாவது இயல்பு. அடுத்த முறை பிடுங்காதீர்கள். மண்ணோடு பெயர்த்தெடுத்துத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். பிடுங்கினால் பாதி முடிச்சு மண்ணிலேயே அறுந்துவிடும்.

நெல்லுக்கு ரைசோபியம் போடலாமா? (திருவையாறு)

பயனில்லை. ரைசோபியம் என்பது பயறு வகைகளின் வேரில் முடிச்சு போட்டு, காற்றிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜனை) எடுத்துக் கொடுக்கும் பாக்டீரியா. நெல் வேரில் அது முடிச்சு போடாது. நெல்லுக்கு ஏற்ற பாக்டீரியா உரமான அசோஸ்பைரில்லம் வாங்குங்கள்.

உளுந்து எடுத்த வயலில் அடுத்து நட்ட நெல் வெளுத்துப்போகிறது. பயறு வகை தழைச்சத்தைச் சேர்க்கும் என்றார்களே? (பாபநாசம்)

செடியை வேரோடு பிடுங்கிக் களத்தில் அடித்து, உளுந்தை விற்று, கொடியை மாட்டுக்குப் போட்டிருப்பீர்கள். வயலில் என்ன மிச்சம்? பயறு போட்டாலே நிலம் வளமாகிவிடும் என்று மேடைதோறும் பேசுகிறார்கள். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. முடிச்சில் இருக்கும் பாக்டீரியா தழைச்சத்தைக் கொடுப்பது செடிக்கு. செடி மட்கினால்தான் அது மண்ணுக்கு வரும். அதில் பெரும்பங்கு விதையோடு போய்விடுகிறது, மீதியில் அதிகம் இலையிலும் தண்டிலும்தான். வேரில் தங்குவது கொஞ்சம். எனவே அரிவாளால் அடியோடு அறுத்து வேரை விட்டுவிடுங்கள். கொடியையோ, அதைத் தின்ற மாட்டின் எருவையோ அதே வயலுக்குத் திருப்புங்கள். தழைச்சத்துதான் நோக்கம் என்றால் பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டு விதையுங்கள். ஏக்கருக்கு 20 கிலோ விதை. 45 நாளில், பூக்கத் தொடங்கும்போது மடக்கி உழ வேண்டும். நன்றாக வளர்ந்திருந்தால் 30 கிலோ தழைச்சத்து கிடைக்கும், ஏறக்குறைய ஒன்றரை மூட்டை யூரியாவில் இருக்கும் அளவு. இன்னும் வளரட்டும் என்று காத்திருந்தால் தண்டு நாராகி மட்க நாளாகும்.

ரைசோபியம் கலந்து விதைத்தும் முடிச்சே இல்லை. (அரியலூர்)

என்ன பயிர், எதற்கான பாக்கெட் என்று எழுதவில்லை. உளுந்துக்கு வாங்கியது சோயாவுக்கு உதவாது. காலாவதித் தேதியைப் பார்த்தீர்களா? கடை வாசலில் வெயிலில் அடுக்கிய பாக்கெட்டில் உயிர் மிஞ்சாது. ஆறிய கஞ்சியில் கலந்து விதைக்குப் பூசி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, அன்றே விதையுங்கள். நிழலில்தான், ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.

வேரில் இருப்பது முடிச்சா, நூற்புழு வீக்கமா? (விருத்தாசலம்)

விரலால் தேய்த்தால் உதிர்வது முடிச்சு. வேரே தடித்து வீங்கியிருந்தால், வேருக்குள் புகும் நுண்ணிய புழுவான நூற்புழு.