சபை வாலிபர்களை மண்டலக் கூடுகைகளுக்கு எப்படி அழைத்துப் போவது?

"எங்கள் சபையில் 25 வாலிபர்கள் இருக்கிறார்கள். திருமண்டல அளவில், பல ஊர்ச் சபைகள் சேர்ந்து நடத்தும் ஆராதனைக் கூடுகைகளுக்கு அவர்களை அழைத்துப் போகும் பொறுப்பு இந்த வருடம் என்னிடம் வந்திருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வள்ளியூர்ப் பக்கம் ஒரு கிராமத்துச் சபையில் 9 வருடம் வாலிபர் ஐக்கியத்தின் செயலாளராக இருந்தேன். பெரும்பாலும் பாளையங்கோட்டைக்குத்தான் போவோம். இரண்டு முறை கேரளத்து மாராமண் கூட்டம் வரைக்கும் போயிருக்கிறோம். அதை வைத்துச் சொல்கிறேன். யார் வர முடியாமல் போவார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். வண்டி, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அதற்கப்புறம்.

முதல் வருடம் நான் செய்தது இது. ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பு நேரத்தில் எழுந்து, "தலைக்கு 350 ரூபாய், அடுத்த ஞாயிற்றுக்குள் பெயர் கொடுங்கள்" என்றேன். 28 பேர் கை தூக்கினார்கள். வண்டி ஏறியது 17 பேர். வராதவர்களைக் கேட்டால் ஒருத்திக்குப் பரீட்சை, ஒருவனுக்குக் காய்ச்சல், இன்னொருவனுக்கு மாமா வீட்டில் விசேஷம். பிறகு ஒவ்வொரு வீடாகப் போய் உட்கார்ந்து பேசியபோதுதான் விஷயம் புரிந்தது. ஏழு வீட்டில் காரணம் பணம். சித்தாள் வேலைக்குப் போகிற அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் இருந்தால் அது 700 ரூபாய். சபை நடுவில் தொகையைச் சொல்லி, அந்தப் பிள்ளைகளுக்குப் பொய் சொல்வதைத் தவிர வேறு வழியில்லாமல் ஆக்கிவிட்டேன். இப்போது நினைத்தாலும் அது எனக்கு வலிக்கிறது.

அடுத்த வருடத்திலிருந்து தொகையை அறிவிக்கவே இல்லை. எல்லாருக்கும் ஒரே மாதிரி வெள்ளைக் கவர் கொடுத்தோம். பெயர் எழுத வேண்டாம், முடிந்ததைப் போட்டு ஒட்டி, காணிக்கைப் பையில் போட்டுவிடுங்கள் என்று சொன்னோம். ஒரு கவரில் 40 ரூபாய் இருந்தது, எல்லாம் சில்லறை. யாருடையது என்று நாங்கள் விசாரிக்கவில்லை. இன்னொன்றில் 2,000 இருந்தது. அதையும் விசாரிக்கவில்லை.

குறைகிற பணத்தைச் சபையிலிருந்தே திரட்டலாம். கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடிப் போகிற கீத பவனியில் வருகிற காணிக்கையில் ஒரு பங்கை வாலிபர் பயணத்துக்கு ஒதுக்கச் சொல்லி சபை நிர்வாகத்தைப் பார்க்கும் சேகரக் கமிட்டியிடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருட்களை ஏலம் விடும்போது வாலிபர்களுக்கென்று தனியாகச் சில பொருட்கள் வைக்கலாம். எங்கள் ஊரில் முருங்கைக்காய்க் கட்டு, நாட்டுக்கோழி முட்டை, வாழைத்தார் என்று பிள்ளைகளே வீடு வீடாகச் சேகரித்து வந்தார்கள். ஒரு தாத்தா ஒரே பூசணிக்காயை மூன்று முறை ஏலம் எடுத்தார், எடுத்து எடுத்துத் திரும்ப மேசையிலேயே வைத்தார். பயணம் முடிந்த முதல் ஞாயிறே வரவு செலவை எழுதி ஆலய வாசலில் ஒட்டிவிடுங்கள். 10 ரூபாய் மிச்சமிருந்தாலும் அதில் இருக்கட்டும். அடுத்த வருடம் கேட்கும்போது யாரும் தயங்க மாட்டார்கள்.

பணத்துக்கு அடுத்து வருவது பெண் பிள்ளைகள். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் "பொம்பளப் பிள்ளைகள் வரமாட்டாங்க" என்று எளிதாகச் சொல்லிவிட்டு ஆண் பிள்ளைகளை மட்டும் ஏற்றிக்கொண்டு போகிற சபைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மாராமண் கூட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பம்பை ஆற்று மணலில் பந்தல் போட்டு ஒவ்வொரு பிப்ரவரியிலும் எட்டு நாள் நடக்கிறது. மார்த்தோமா சபை நடத்துவது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அது தொடங்கியபோது பிரசங்கித்தவர்களில் 'தமிழ் டேவிட்' என்று அறியப்பட்ட ஊழியரும் ஒருவர். பிறகு நம் திருநெல்வேலியில் ஊழியம் செய்த ஆங்கிலேய மிஷனரி தாமஸ் வாக்கரும் பல வருடம் அங்கே போய்ப் பிரசங்கித்தார். அவ்வளவு பழைமையான அந்தக் கூட்டத்தில், மாலை நேரக் கூட்டத்துக்குப் பெண்கள் போவதில்லை என்பது வெகுகாலம் வழக்கமாக இருந்தது. இருட்டில் ஆற்றுமணலில் பாதுகாப்பில்லை என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். அதை எதிர்த்துப் பேச்சு எழுந்த பிறகு, 2018-இல் அந்தக் கூட்டத்தின் நேரத்தையே முன்னுக்குக் கொண்டுவந்து பெண்களும் உட்காரும்படி செய்தார்கள். எனக்கு அது பெரிய பாடம். பெண்களை வர வேண்டாம் என்று சொல்வதை விட்டுவிட்டு நேரத்தை மாற்றினார்கள். நாமும் அதையே செய்ய முடியும்.

எங்கள் ஊரில் ஒரு அம்மா மூன்று வருடம் தன் மகளை அனுப்பவில்லை. "டீச்சர், உங்க மேல நம்பிக்கை இருக்கு. ஆனா ராத்திரி வெளிய தங்குறதுன்னா அவங்க அப்பா ஒத்துக்க மாட்டாரு" என்பார். நான்காவது வருடம், "அப்ப நீங்களே எங்ககூட வாங்கம்மா, பெண் பிள்ளைகளைப் பார்த்துக்கிற பெரியவங்க ரெண்டு பேர் எங்களுக்கு வேணும்" என்று கேட்டேன். ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். அப்புறம், "நான் வந்தா சமையலுக்கும் உதவி பண்ணுவேன்" என்றார். அந்த வருடம் ஒன்பது பெண் பிள்ளைகள் வந்தார்கள். அந்த அம்மா வருகிறார் என்று தெரிந்ததுமே மற்ற வீடுகளிலும் சம்மதித்துவிட்டார்கள்.

பெற்றோருக்குக் கொடுக்கும் கடிதத்தில் எதையும் விடாதீர்கள்: கிளம்பும் நேரம், திரும்பும் நேரம், வண்டி எண், தங்கும் இடத்தின் பெயர், கூட வரும் பெரியவர்கள் யார் யார், இரண்டு தொலைபேசி எண்கள். 18 வயது நிறையாத பிள்ளை என்றால் பெற்றோரின் கையெழுத்து கட்டாயம். எட்டுப் பத்துப் பேருக்கு ஒரு பெரியவர் இருக்க வேண்டும். பெரியவர் யாரும் ஒரு பிள்ளையுடன் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. எங்கள் ஐயர், அதாவது சபைப் போதகர், உட்பட எல்லாருக்கும் இது பொருந்தும் என்று முதலிலேயே சொல்லிவிட்டோம், ஐயரும் சபை முன்னால் அதை ஆமோதித்தார். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-இலேயே வந்துவிட்டது. இருந்தும், நம் சபைகளில் இதைப் பேசினால் யாரையோ சந்தேகப்படுவதாக எடுத்துக்கொள்கிறார்கள். பேசித்தான் ஆக வேண்டும்.

வண்டி விஷயத்தில் நான் கண்டிப்பானவள். மஞ்சள் போர்டு வண்டி மட்டும் எடுங்கள். தெரிந்தவர் வெள்ளை போர்டு வேனை டீசல் காசுக்குத் தருகிறேன் என்பார். அதை வாடகைக்கு ஓட்ட அனுமதி கிடையாது, விபத்து நடந்தால் உள்ளே இருக்கும் பிள்ளைகளுக்கு இன்சூரன்ஸ் கிடைப்பது சிக்கலாகிவிடும். ஒரு வருடம் ஒருவர் தன் லோடு வண்டியை இலவசமாகவே தருவதாகச் சொன்னார், நல்ல மனதோடுதான் சொன்னார். நன்றி சொல்லி மறுத்துவிட்டேன். சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவது சட்டப்படி தவறு, கவிழ்ந்தால் பிடித்துக்கொள்ளக்கூட ஒன்றும் இருக்காது. பெர்மிட், எஃப்சி என்கிற தகுதிச் சான்று, இன்சூரன்ஸ் மூன்றின் நகலையும் வாங்கிப் பாருங்கள். கேரளத்துக்குப் போவதென்றால் அங்கே நுழைவதற்கான பெர்மிட்டும் வரியும் வாடகையில் சேர்ந்திருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். கூட்டம் இரவு ஒன்பதரைக்கு முடிந்தால் அப்போதே ஊருக்குக் கிளம்பாதீர்கள். ஓட்டுநரும் விடிகாலையிலிருந்து விழித்திருப்பவர். அவருக்கும் நம் பிள்ளைகளோடு சாப்பாடும், படுக்கப் பாயும் இடமும் கொடுத்துவிட்டு, காலையில் கிளம்புங்கள்.

மாராமண்ணுக்கு நாங்கள் ரயிலில்தான் போனோம். நாகர்கோவிலில் ஏறி செங்கன்னூரில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் கோழஞ்சேரிப் பக்கம் போக வேண்டும். இப்போது முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, ஒரு டிக்கெட்டில் ஆறு பேருக்கு மேல் போட முடியாது. அதனால் ஒவ்வொரு ஆறு பேரிலும் ஒரு பெரியவர் வருகிறமாதிரி பெயர்களைப் பிரித்துப் போடுங்கள். பிப்ரவரி என்பதால் பத்தாவது, பன்னிரண்டாவது படிப்பவர்களை அழைக்காதீர்கள், மார்ச்சில் பொதுத்தேர்வு. அங்கே எல்லாம் மலையாளம்தான், ஆங்கிலத்தில் பேசினாலும் மலையாளத்தில்தான் மொழிபெயர்ப்பார்கள். எங்கள் பிள்ளைகள் பாதிதான் புரிந்துகொண்டார்கள். ஆனாலும் அத்தனை ஆயிரம் பேர் மணலில் உட்கார்ந்து ஒன்றாக ஜெபிப்பதைப் பார்த்ததற்கு மொழி தேவைப்படவில்லை என்று திரும்பும்போது ஒரு தம்பி சொன்னான்.

பாளையங்கோட்டை பக்கம்தான், செலவும் குறைவு. ஜூலையில் நூற்றாண்டு மண்டபத்தில் ஸ்தோத்திரப் பண்டிகை நடக்கும்போது போனால், ஒரு மணி நேரம் ஒதுக்கி ஊசிக்கோபுர ஆலயத்தையும், இங்கே முதல் கிறிஸ்தவர்களில் ஒருவரான கிளாரிந்தா அம்மையார் 1785-இல் கட்டிய சின்ன ஆலயத்தையும் காட்டுங்கள். 1780-இல் பதிவேட்டில் 40 பேரின் பெயரோடு தொடங்கிய சபை இது. தங்கள் ஊர்ச் சபை எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளுக்கு ஒரு பிடிப்பு கிடைக்கும்.

எங்கே போனாலும் ஒரு வாரம் முன்னதாக நீங்களும் ஒரு பெண்ணும் போய் கழிப்பறையைப் பார்த்துவிட்டு வாருங்கள். கழிப்பறை சரியில்லை என்றால் பெண் பிள்ளைகள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவார்கள், இரண்டாம் நாள் மயங்கி விழுவார்கள். இது எங்களுக்கு நடந்தது. அதிலிருந்து பக்கத்தில் ஏதாவது ஒரு சபை மண்டபத்திலோ விடுதியிலோ முன்பே பேசி வைத்துக்கொள்கிறோம். ஒரு பையில் நாப்கின், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், இழுப்பு உள்ள பிள்ளையின் இன்ஹேலர் எல்லாம் இருக்கட்டும். முதல் நாள் சாப்பாட்டைப் பெண்கள் ஐக்கியத்து அம்மாக்கள் புளியோதரையாகவும் எலுமிச்சைச் சாதமாகவும் கட்டிக் கொடுத்துவிடுவார்கள், கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று இருக்கிறது. இரவுக் கூட்டத்தின் கடைசியில் விளக்கை மங்கலாக்கி, பாட்டை மெதுவாக வாசித்து, "ஆண்டவருக்கு உன்னைக் கொடுப்பாயா, எழுந்து நில்" என்று அழைப்பார்கள். பக்கத்தில் இருக்கிறவன் எழுந்தால் நம் பிள்ளையும் எழுவான். பிளஸ் டூ படிக்கும் ஒரு தம்பி, முழுநேர ஊழியத்துக்கு வருகிறேன் என்று கை தூக்கிவிட்டு வந்தான். வீட்டில் அவன் அப்பா, "படிப்பை விடச் சொல்லிக் கொடுத்தது யார்?" என்று என் வாசலில் வந்து நின்றார். அவர் கோபம் நியாயமானது. அந்தத் தம்பி உணர்ந்ததும் பொய்யில்லை. இரண்டையும் மதிக்க வேண்டும்.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்தோம். மறுநாள் காலை, கிளம்புவதற்கு முன், வேப்பமரத்தடியில் வட்டமாக உட்காருவோம். நேற்று இரவு எழுந்து நின்றவர்களும் நிற்காதவர்களும் விருப்பமிருந்தால் பேசலாம். யாரும் யாரையும் புகழக் கூடாது, திருத்தக் கூடாது. எழுந்து நிற்காத பிள்ளை விசுவாசத்தில் குறைந்தவள் இல்லை என்று நான் எல்லார் முன்னாலும் சொல்வேன். எழுந்தவர்களிடம், "ஒரு வருடம் இதை ஜெபத்தில் வைத்திரு, வீட்டில் பேசு, ஐயரிடம் பேசு, படிப்பை விடாதே" என்று சொல்வேன். அந்தத் தம்பி பட்டப்படிப்பை முடித்துவிட்டுத்தான் இறையியல் படிக்கப் போனான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் வரை வந்தவர் அவன் அப்பா.

திரும்பி வந்ததும் முதல் ஞாயிறு ஆராதனையில் பிள்ளைகளுக்கு 20 நிமிடம் வாங்கிக் கொடுங்கள். அங்கே கற்ற புதுப் பாட்டைக் கைதட்டிப் பாடுவார்கள், பெரியவர்கள் சிலருக்குப் பிடிக்காது. "பாமாலையும் கீர்த்தனையும் எங்கே போச்சு?" என்று கேட்பார்கள். அவர்களை எதிர்த்துப் பேசாதீர்கள். ஒரு புதுப் பாட்டு, பழைய கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரின் ஒரு கீர்த்தனை, இரண்டையும் பிள்ளைகளே பாடட்டும். கீர்த்தனையை யாரிடம் கற்றுக்கொள்வது? குறை சொன்ன அந்தப் பெரியவரிடமே. சனிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணையில் எட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்து தாளம் போட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கூடுகை ஜூலையில் என்றால் ஏப்ரலிலேயே வீடுகளுக்குப் போகத் தொடங்கிவிடுங்கள். பகலில் போனால் வேலைக்குப் போன அம்மாக்கள் இருக்க மாட்டார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போங்கள், கையில் பெயர் எழுதுகிற நோட்டு எதுவும் வேண்டாம். உங்கள் 25 பேரில் போன வருடம் வராதவர்கள் யாரோ, அந்த வீடுகளுக்கு முதலில்.