வசனத் திரை உள்ள நாடகம்: எங்கே உட்காருவது, எப்படிப் பார்ப்பது

இரண்டு மொழிகள் பேசும் நாடகங்களுக்குப் போகும் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே தவிப்பைச் சொல்கின்றன. அங்கே வசனத்தின் மொழிபெயர்ப்பு மேடைக்கு மேலோ பக்கத்திலோ உள்ள திரையில் எழுத்தாக வரும், அதுதான் சர்டைட்டில். எழுத்தைப் படித்தால் நடிப்பு நழுவுகிறது, நடிப்பைப் பார்த்தால் எழுத்து ஓடிவிடுகிறது. அந்தத் தவிப்பில் பாதி, டிக்கெட் எடுக்கும்போதே தீர்ந்துவிடும். அதனால் இருக்கையிலிருந்தே தொடங்குகிறோம்.

கே: நாடகம் என்றால் எனக்கு முதல் மூன்று வரிசைக்குள்தான் உட்கார வேண்டும். சர்டைட்டில் போடும் நாடகத்துக்கும் அதுவே சரிவருமா?

ப: சரிவராது. ஒரு சாதாரண அரங்கைக் கணக்கில் வைத்துப் பாருங்கள். மேடை முகப்புக்கு மேலே, தரையிலிருந்து 7.5 மீட்டர் உயரத்தில் திரை இருக்கிறது. மூன்றாம் வரிசை அந்தத் திரைக்கு நேர் கீழிருந்து 5 மீட்டர் தள்ளி வரும். அங்கே உட்கார்ந்து எழுத்தைப் படிக்க 50 டிகிரி அண்ணாந்தாக வேண்டும். நடிகரின் முகமோ 10 டிகிரி உயரத்தில் இருக்கும். ஒவ்வொரு வசனத்துக்கும் 40 டிகிரி ஏறி இறங்க வேண்டும். அந்தத் தூரத்துக்குக் கண்விழி மட்டும் போதாது, தலையும் சேர்ந்து ஆடும். இரண்டு மணி நேரத்தில் பிடரி கடுத்துவிடும்.

அதே அரங்கில் பன்னிரண்டாம் வரிசை, அதாவது 14 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால், முகத்துக்கும் எழுத்துக்கும் உள்ள வித்தியாசம் 20 டிகிரிக்குள் வந்துவிடும். தலையை அசைக்காமலே கண் போய்த் திரும்பும். பால்கனியின் முதல் வரிசை இன்னும் நல்லது. அங்கே திரை ஏறக்குறைய கண்மட்டத்துக்கு வந்துவிடும், நடிகர் சற்றுக் கீழே, வித்தியாசம் 15 டிகிரி. முகபாவம் கொஞ்சம் சிறிதாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் மொழி தெரியாத நாடகத்தில் முழு மேடையும் எழுத்தும் ஒரே பார்வைக்குள் அடங்குவது பெரிய லாபம்.

ஒரு பொறி உண்டு. தரைத்தளத்தின் கடைசி சில வரிசைகள் பால்கனிக்கு அடியில் போய்விடும். மேடை முழுதாகத் தெரியும், மேலே உள்ள திரை மட்டும் பால்கனி விளிம்பில் வெட்டுப்படும். இருக்கை வரைபடத்தைப் பார்த்தால் இது தெரியாது. கவுண்டரில் "மேடை தெரியுமா" என்று கேட்டால் "தெரியும்" என்றுதான் பதில் வரும். "இந்த இருக்கையிலிருந்து சர்டைட்டில் திரை முழுதும் தெரியுமா" என்று கேளுங்கள்.

ரொம்பவும் பின்னால் போகவும் வேண்டாம். சிரமமில்லாமல் படிக்க, தூரத்தில் 200-ல் ஒரு பங்காவது எழுத்தின் உயரம் இருக்க வேண்டும். 20 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர். தமிழ் எழுத்தென்றால் இன்னும் சற்றுப் பெரிதாக வேண்டும், ஏனென்றால் சுழியும் கொம்பும்தான் நமக்கு எழுத்தைப் பிரித்துக் காட்டுகின்றன. தூரத்தில் முதலில் கலங்குவது 'ன'வும் 'ண'வும். அடுத்து மேலே உள்ள புள்ளி மறையும்.

கே: எங்கள் குழு பார்க்கப் போகும் நாடகத்துக்கு மேலே திரை கிடையாதாம், மேடையின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வைக்கிறார்களாம். அதற்கு நடுவில் உட்காருவதுதானே நல்லது?

ப: அவசியமில்லை. நடுவிலிருந்து நாலைந்து இருக்கை ஒரு பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்து, எதிர்ப்பக்கத் திரையைப் படியுங்கள். இடப்பக்கம் உட்கார்ந்தவர் வலப்பக்கத் திரையைப் பார்க்க வேண்டும். அப்போது கண் ஒவ்வொரு தடவையும் மேடையைக் கடந்துதான் போகும், மேடையைக் கடந்துதான் திரும்பும். பக்கத்திலிருக்கும் திரையைப் படித்தால் மேடைக்கு முதுகு காட்டுவது போல ஆகிவிடும். எந்தத் திரை என்று முதல் காட்சியிலேயே முடிவு செய்துவிடுங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள்தான் சீக்கிரம் களைத்துப்போகிறார்கள்.

கே: நடிகர் அரை நிமிடம் மூச்சுவிடாமல் பேசுகிறார். திரையில் ஒரே ஒரு வரி. மீதியை மொழிபெயர்க்காமல் விட்டுவிட்டார்களா? நாங்கள் எதையோ இழக்கிறோம் என்ற எண்ணம் நாடகம் முழுக்க உறுத்துகிறது.

ப: விட்டிருப்பார்கள், தெரிந்தேதான் விட்டிருப்பார்கள். ஒரு சர்டைட்டிலுக்கு இரண்டு வரி, வரிக்கு 35 முதல் 40 எழுத்து என்பதுதான் பொதுவான எல்லை. இரண்டு வரியும் நிறைந்திருந்தால் நிதானமாகப் படிக்க 5, 6 விநாடி ஆகும். வாய் ஓடும் வேகத்துக்குக் கண் ஓடாது. வரிக்கு வரி மொழிபெயர்த்துப் போட்டால் நீங்கள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவே முடியாது.

என்ன வெட்டுகிறார்கள் என்று தெரிந்தால் உறுத்தல் குறையும். மேடையில் ஒருவர், "அன்றைக்கே சொன்னேன், தலைபாடாய் அடித்துக்கொண்டேன், வீட்டை விற்காதே, விற்காதே என்று, யார் கேட்டீர்கள், சொல்லுங்கள், யார் கேட்டீர்கள்?" என்கிறார் என்று வையுங்கள். திரையில் "வீட்டை விற்காதே என்றேன். யார் கேட்டீர்கள்?" என்று வரும். திரும்பச் சொன்னது, 'சொல்லுங்கள்' என்ற அதட்டல், அடுக்கு ஆகியவை போயின. அந்தக் கோபம் எழுத்தில் இல்லை, அவர் குரலிலும் கையிலும் இருக்கிறது. அதைப் பார்ப்பதற்காகத்தான் எழுத்தைச் சுருக்கித் தந்திருக்கிறார்கள்.

ஆகவே படிக்கும் முறை இதுதான்: எழுத்து மாறியதும் ஒரே மூச்சில் படித்துவிட்டுக் கண்ணைக் கீழே இறக்குங்கள். அடுத்தது மாறும்போது ஓரக்கண்ணுக்கே தெரியும், காத்திருக்க வேண்டாம். படித்ததையே மறுபடி படிக்காதீர்கள். ஒன்று தவறிப்போனால் போகட்டும், அடுத்தது பெரும்பாலும் அதை ஈடுகட்டிவிடும். தவறியதைத் துரத்துபவருக்கு அடுத்த மூன்றும் தவறும். பாட்டு வந்தால் பல்லவியை ஒரு தடவைதான் போடுவார்கள். திரும்பப் பாடும்போது திரை வெறுமையாக இருந்தால் அது பிழை அல்ல.

இருமொழி நாடகத்துக்கென்று ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். சில தயாரிப்புகளில் 'அ' மொழியில் பேசும்போது 'ஆ' மொழியிலும், 'ஆ'வில் பேசும்போது 'அ'விலும் எழுத்து மாறி மாறி வரும். வேறு சிலவற்றில் இரண்டு மொழியும் மேலும் கீழுமாக எப்போதும் நிற்கும். இரண்டாவது வகை என்றால், உங்கள் மொழி மேல்வரியா கீழ்வரியா, என்ன நிறம் என்பதை முதல் இரண்டு நிமிடத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றதன் பக்கம் கண்ணே போக வேண்டாம்.

கே: எனக்கு நாடகத்தின் இரண்டு மொழிகளும் நன்றாகத் தெரியும். தேவையே இல்லாதபோதும் கண் எழுத்துக்குத்தான் போகிறது. மொழிபெயர்ப்பில் குறை கண்டுபிடித்துக்கொண்டே நாடகத்தைக் கோட்டைவிடுகிறேன்.

ப: இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. தெரிந்த மொழி எழுத்து கண்ணில் பட்டால் மனம் தானாகவே படித்துவிடும், படிக்காமல் இருக்க அதனால் முடியாது. 1935-ல் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் இதைச் சோதித்துக் காட்டினார். ஒரு நிறத்தின் பெயரை வேறு நிற மையில் அச்சிட்டுக் கொடுத்து, மையின் நிறத்தைச் சொல்லச் சொன்னால் எல்லோரும் திணறுகிறார்கள். அந்தச் சொல் குறுக்கே வந்து நிற்கிறது.

அதனால் மன உறுதியை நம்பாதீர்கள், இருக்கையை மாற்றுங்கள். முதல் கேள்வியில் வேண்டாம் என்று சொன்ன அதே முன்வரிசைதான் உங்களுக்கு உரியது. திரை பார்வைக்கு வெளியே மேலே போய்விடும். பக்கத்தில் மொழி தெரியாத நண்பர் வந்தால் சேர்ந்து உட்கார ஆசையாக இருக்கும். ஆனால் ஒருவருக்கு நல்ல இடம் மற்றவருக்குக் கெட்ட இடம். தனித்தனியே உட்கார்ந்து இடைவேளையில் பேசிக்கொள்வது மேல்.

கே: நகைச்சுவைக் காட்சியில் நடிகர் சொல்லி முடிப்பதற்கு முன்பே பாதி அரங்கம் சிரிக்கிறது, மீதிப் பாதி பிறகு சிரிக்கிறது. இதைத் தவிர்க்க முடியாதா?

ப: தயாரிப்பவர்கள் தவிர்க்கலாம். சிரிப்பு வரும் கடைசிச் சொல்லை மட்டும் தனியாகப் பிரித்து அடுத்த சர்டைட்டிலில் வைத்து, நடிகர் அதைச் சொல்லும் கணத்தில் போட வேண்டும். பிரிக்காமல் மொத்தமாகப் போட்டால் நீங்கள் சொன்னதுதான் நடக்கும். முந்திவந்த சிரிப்பில் நடிகரின் முத்தாய்ப்பு அமுங்கிவிடும். பார்வையாளர் செய்யக்கூடியது சிறிதுதான், ஆனாலும் செய்யலாம்: முன்பே படித்துவிட்டால் சிரிப்பை அடக்கிக்கொண்டு நடிகரின் முகத்தைப் பாருங்கள். அவர் அதை எப்படிக் கொண்டுவந்து வைக்கிறார் என்பது படித்ததைவிட நன்றாக இருக்கும்.

கே: நடுவில் திரை திடீரென்று வெறுமையாகிவிடுகிறது. சில சமயம் ஒரே வரி உறைந்து நிற்கிறது. பழுதா, வேண்டுமென்றே செய்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? யாரிடமாவது சொல்ல வேண்டுமா?

ப: சர்டைட்டில் தானாக ஓடுவதில்லை. இரண்டு மணி நேர நாடகத்துக்கு ஆயிரத்தைத் தொடும் எண்ணிக்கையில் எழுதி வரிசைப்படுத்தி வைத்திருப்பார்கள். ஓர் ஆபரேட்டர் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, நடிகரின் வாயைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தட்டுவார். நடிகர் ஒரு பத்தியைத் தாண்டிவிட்டால் அவர் அந்த இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

இதை வைத்தே அடையாளம் காணலாம். பேச்சு மாறியும் பழைய வரி அப்படியே நின்றால், ஆபரேட்டர் இடத்தைத் தவறவிட்டிருக்கிறார். எழுத்துகள் படபடவென்று ஓடினால், பிடித்துவிட்டார், எட்டிக்கொண்டிருக்கிறார். திரை இருண்டு அரை நிமிடத்துக்குள் சரியான வரி வந்தால், தேடும் நேரத்துக்கு அணைத்து வைத்திருந்தார் என்று பொருள். நல்ல ஆபரேட்டர் தவறான எழுத்தைக் காட்டுவதைவிட எழுத்தே இல்லாமல் விடுவார். நீல நிறமோ, கணினியின் முகப்போ திரையில் தெரிந்தால் அது கருவிப் பழுது.

வேண்டுமென்றே வெறுமையாக விடும் இடம் வேறு மாதிரி இருக்கும். மேடையில் உள்ள இன்னொரு பாத்திரத்துக்கும் அந்த மொழி புரியாது. அதிகாரியின் முன் நிற்கும் வழக்காளி, வேற்றுமொழி வீட்டுக்கு மணமாகி வந்த பெண் போன்றவர்கள் விழிக்கும்போது நீங்களும் விழிக்க வேண்டும் என்பது இயக்குநரின் விருப்பம். இருமொழி நாடகத்தின் உயிரே அந்த இடத்தில்தான் இருக்கிறது. எழுத்து இல்லையே என்று பக்கத்தில் இருப்பவரிடம் அர்த்தம் கேட்டால் அந்த அனுபவம் இருவருக்கும் கெட்டுவிடும்.

கருவிப் பழுது என்று உறுதியாகத் தெரிந்தால், கதவருகே நிற்கும் அரங்கப் பணியாளரிடம் மெதுவாகப் போய்ச் சொல்லுங்கள். இடம் தவறியது மட்டும்தான் என்றால் ஆபரேட்டருக்கு உங்களுக்கு முன்பே தெரியும்.

கே: 52 வயதாகிறது, கிட்டத்துக்கும் தூரத்துக்கும் ஒரே வில்லையில் பார்க்கும் புரோகிரஸிவ் கண்ணாடி அணிகிறேன். முன் இருக்கையின் முதுகில் சின்னத் திரை உள்ள அரங்கில் மிகவும் சிரமப்பட்டேன். எழுத்து காட்டும் மூக்குக்கண்ணாடி தருகிறார்களாமே, அது உதவுமா?

ப: இருக்கை முதுகுத் திரை கண்ணிலிருந்து ஏறத்தாழ 70 சென்டிமீட்டரில் இருக்கும், மேடையோ 15 மீட்டரில். ஒவ்வொரு வரிக்கும் கண் கிட்டப்பார்வைக்கும் எட்டப்பார்வைக்கும் மாற வேண்டும். நாற்பதைத் தாண்டினால் அந்த மாற்றம் மந்தமாகிவிடும். புரோகிரஸிவ் கண்ணாடியில் 70 சென்டிமீட்டருக்கான பகுதி நடுவில், குறுகலாக இருக்கும். முகவாயைச் சற்றே தூக்கினால் அந்தப் பகுதி எழுத்துக்கு நேரே வரும். மேலே உள்ள திரை உங்களுக்கு எளிது, கண்ணாடியின் மேல்பாதி தூரத்துக்கானதுதானே. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆபரா என்ற இசைநாடக அரங்கம் 1995-ல் இருக்கை முதுகுத் திரையைக் கொண்டுவந்ததற்கு வேறு நல்ல காரணம் இருக்கிறது. வேண்டாதவர் அணைத்துவிடலாம், பக்கத்தில் இருப்பவருக்கும் வெளிச்சம் தெரியாது.

எழுத்து காட்டும் கண்ணாடியை லண்டன் நேஷனல் தியேட்டர் 2018-ல் அறிமுகப்படுத்தியது. எழுத்து மேடை மேலேயே மிதப்பதுபோல் தெரியும். அளவு, நிறம், இடம் மாற்றிக்கொள்ளலாம். உங்கள் கண்ணாடிக்கு மேலே அதை மாட்ட வேண்டியிருக்கும், மூக்கில் அழுத்தும். தரும் அரங்குகளில் அரை மணி முன்னதாகப் போய் மாட்டிப் பார்த்துவிடுங்கள். தலை குனிந்தால் எழுத்தும் கூடவே நகரும், அது பழகப் பத்து நிமிடமாவது ஆகும்.

கே: அறிவிப்பில் சர்டைட்டில், சூப்பர்டைட்டில், கேப்ஷன் என்று விதவிதமாகப் போடுகிறார்களே?

ப: முதல் இரண்டும் ஒன்றே. 1983-ல் டொரன்டோவில் கனடியன் ஆபரா கம்பெனி 'எலெக்ட்ரா' என்ற இசைநாடகத்துக்கு இதைப் பயன்படுத்தி, சர்டைட்டில் என்ற பெயரைத் தன் வணிகக் குறியாக்கிக்கொண்டது. அதனால் மற்றவர்கள் வேறு பெயர் வைத்தார்கள். கேப்ஷன் வேறு. அது காது கேளாதவர்களுக்கானது, பேசும் மொழியிலேயே வரும், யார் பேசுகிறார், கதவு தட்டும் ஓசை, இசை எல்லாவற்றையும் எழுதிக் காட்டும். பெரும்பாலும் குறிப்பிட்ட சில நாள் காட்சிகளுக்கு மட்டுமே இருக்கும். மொழிபெயர்ப்பை எதிர்பார்த்து அந்த நாளுக்கு டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்.

கே: போவதற்கு முன் பிரதியை முழுதும் படித்துவிட வேண்டுமா?

ப: வேண்டாம், கதைச்சுருக்கமும் பாத்திரப் பெயர்களும் உறவுமுறையும் போதும். பத்து நிமிட வேலை. சர்டைட்டிலில் பேசுபவர் பெயர் வராது, இரண்டு பேர் பேசினால் வரிக்கு முன் ஒரு கோடு இருக்கும், அவ்வளவுதான். கூட்டமான காட்சியில் யார் எதைச் சொன்னார் என்று குழம்பாமல் இருக்க, முதல் பத்து நிமிடம் குரல்களைக் கவனித்து வையுங்கள். செய்யுள் நாடகம் என்றால் மட்டும் முக்கியமான காட்சி ஒன்றை மொழிபெயர்ப்பில் படித்துவிட்டுப் போவது பலன் தரும்.

சில தயாரிப்புகள் வசனத்தையே போடாது என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். 2012-ல் லண்டன் குளோப் அரங்கில் ஷேக்ஸ்பியரை 37 மொழிகளில் நடித்தபோது திரையில் காட்சிக்குக் காட்சி சுருக்கம் மட்டுமே வந்தது. அத்தகைய நாடகத்துக்குக் கதை தெரியாமல் போனால் திண்டாட்டம்தான்.

கே: எட்டு வயது மகளைக் கூட்டிப்போகலாமா?

ப: ஒரு வரியை மூன்று விநாடிக்குள் மனதுக்குள் படிக்கிறாளா என்று வீட்டில் தொலைக்காட்சி சப்டைட்டிலை வைத்துச் சோதியுங்கள். படித்தால் கூட்டிப்போங்கள். இல்லையென்றால் நீங்கள் காதில் படித்துச் சொல்ல வேண்டியிருக்கும், அது நாலு வரிசைக்குக் கேட்கும். முந்தின நாளே கதையைச் சொல்லிவைத்தால், எழுத்தை விட்டுவிட்டு அவளாகவே மேடையைப் பார்த்துக்கொள்வாள். அப்படியானால் அவளுக்கு இருக்கை முன்னால் எடுங்கள், நீங்களும் அவளோடு முன்னாலேயே உட்காருங்கள். அன்றைக்கு உங்களுக்குப் பாதி எழுத்து போகும்.