4.9% வாங்கிய இடதுசாரிக் கட்சிக்கு 39 இடங்கள் எப்படி?

2021 ஜெர்மன் தேர்தல் பற்றிய உங்கள் கட்டுரைக்குக் கிடைத்த எண்களில் ஏதோ ஒன்று பிழையா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, இரண்டுமே சரிதான். 5% வாக்கு வாங்காத கட்சிக்கு அங்கே நாடாளுமன்றத்தில் வாக்கு விகிதப்படி பங்கில்லை, ஜெயித்த தொகுதிகள் மட்டும்தான் என்பது பொது விதி. ஆனால் மூன்று தொகுதிகளில் நேரடியாக ஜெயித்துவிட்டால் அந்தத் தடை பொருந்தாது. வாக்கு விகிதப்படி முழுப் பங்கும் கிடைக்கும். நீங்கள் கேட்ட இடதுசாரிக் கட்சியான டீ லிங்கெவுக்கு அந்த முறை சரியாக மூன்றுதான் தேறியது: பெர்லினில் கிரெகோர் கீசி, கெசினெ லோட்ஷ், லைப்சிக்கில் சோரன் பெல்மன். இவர்களில் ஒருவர் தோற்றிருந்தாலும் 39 என்பது 2 ஆகியிருக்கும். மிகைப்படுத்தவில்லை, 2002-இல் அதன் முன்னோடியான பி.டி.எஸ். கட்சிக்கு அதுதான் நடந்தது. 4% வாக்கு, இரண்டு தொகுதி, இரண்டே உறுப்பினர்கள்.

அப்புறம், இந்த மூன்று தொகுதி விதி ஒழிந்துவிட்டது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 2023 தேர்தல் சட்டச் சீர்திருத்தம் அதை நீக்கியது உண்மை. ஆனால் 2024 ஜூலையில் அரசியல் சாசன நீதிமன்றம், புதுச் சட்டம் வரும்வரை அது தொடரட்டும் என்று சொல்லிவிட்டது. 2025-இல் டீ லிங்கெவுக்கு அது தேவைப்படவே இல்லை, 8.8% வாங்கியது. அதிலிருந்து பிரிந்துபோன சாரா வாகன்க்னெக்ட்டின் கட்சிதான் 4.98%-இல் நின்றது, கையில் ஒரு தொகுதிகூட இல்லாமல்.